எட்டு இசைத்தட்டுகள்: கார்ல் பெர்க்கின்ஸும் ராக்கபில்லியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரைச் சுற்றி, உழைப்பாளிக் குடும்பங்களில் பிறந்த வெள்ளை இளைஞர்கள் சிலர் உருவாக்கிய இசை ராக்கபில்லி எனப்படுகிறது. கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்குரிய தாளத்துள்ளலையும் குரல் நெளிவையும், வெள்ளை உழவர்கள் பிடிலும் கிதாரும் கொண்டு வாசித்துவந்த கன்ட்ரி இசையோடு கலந்து, இரண்டையும்விட விரைவான நடையில் பாடியதால் பிறந்த வகை இது. பட்டிக்காட்டு மலைவாசி என்று நகரத்தார் ஏளனமாக வழங்கிய ஹில்பில்லி என்ற சொல்லோடு ராக் என்ற சொல் ஒட்டியதால் இப்பெயர் அமைந்தது. 1954-இல் தொடங்கிய அதன் செழிப்பு ஐந்தாண்டுகளுக்குள் வற்றிவிட்டது; ஆயினும் பிற்கால ராக் இசையின் கிதார் மொழியில் பெரும்பகுதி அந்தச் சில ஆண்டுகளில்தான் வகுக்கப்பட்டது.

இவ்வகையைப் பற்றிப் பேசுவோர் முதலில் எல்விஸ் பிரெஸ்லியின் பெயரைச் சொல்வர். அடுத்து கார்ல் பெர்க்கின்ஸின் பெயரைச் சொல்லும்போது, ஒரு சாலை விபத்து குறுக்கிட்டிராவிட்டால் பிரெஸ்லியின் இடம் இவருக்கே வாய்த்திருக்கும் என்ற இரங்கலையும் கூடவே சேர்த்துக்கொள்வர். அந்த விபத்து உண்மை, அதன் கொடுமையும் உண்மை. ஆனால் மெம்ஃபிஸின் சன் நிறுவனத்துக்காக அவர் பாடி, 1955-க்கும் 1958-க்கும் இடையில் வெளிவந்த எட்டு சிறு இசைத்தட்டுகளை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக இரண்டு பாட்டுகள் கொண்ட தட்டுகளை, வரிசையாகக் கேட்பவருக்கு அவ்விரங்கல் பொருந்தாது என்பது விளங்கும். பிரெஸ்லி பெரும்பாலும் பிறர் எழுதிய பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர். பெர்க்கின்ஸ் தாமே எழுதி, தாமே கிதார் வாசித்து, தம் உடன்பிறந்தாரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பாடியவர். இருவரும் செய்த தொழில் ஒன்றன்று.

பெர்க்கின்ஸ் 1932 ஏப்ரல் 9 அன்று டென்னசியின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய டிப்டன்வில் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் வாரக்குடிகள், நிலவுடைமையாளரின் நிலத்தில் பருத்தி விளைவித்து, விளைச்சலில் ஒரு பங்கை மட்டும் கூலியாகப் பெற்று, விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனை அந்தப் பங்கிலிருந்தே கழித்துக்கொண்ட பிறகு, பெரும்பாலான ஆண்டுகளில் வெறுங்கையோடு அடுத்த பருவத்தைத் தொடங்கிய மக்கள் அவர்கள். ஆறு வயதில் பருத்தி பறிக்கச் சென்ற சிறுவன், அருகே நின்று பறித்த கறுப்பினத் தொழிலாளர்கள் காஸ்பெல் எனப்படும் கிறிஸ்தவ வழிபாட்டுப் பாட்டுகளை ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடரப் பாடுவதை நாள் முழுவதும் கேட்டான். சனிக்கிழமை இரவுகளில் தந்தையின் வானொலியில், நாஷ்வில் நகரிலிருந்து ஒலிபரப்பான கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியைக் கேட்டான். பள்ளியும் தேவாலயமும் உணவகமும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அந்நாளைய தென்பகுதியில் பருத்திக்காடு மட்டும் முழுதாகப் பிரிக்கப்படாமல் இருந்ததற்குக் காரணம் நல்லெண்ணமன்று, வறுமைதான். ராக்கபில்லியின் வேர் அந்த வறுமையில் இருக்கிறது.

தந்தை சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் இணைத்து மகனுக்கு முதல் கிதாரைச் செய்துகொடுத்தார். பின்னர் அக்கம்பக்கத்தில் ஒருவரிடமிருந்து அடிபட்ட பழைய கிதார் ஒன்று வாங்கப்பட்டது. அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜான் வெஸ்ட்புரூக் என்ற முதிய கறுப்பினத் தொழிலாளி. சிறுவன் அவரை ஜான் மாமா என்றே அழைத்தான். கருவியின் மேல் குனிந்து, தந்தியின் அதிர்வை உடம்பில் உணரும்படி வாசிக்க வேண்டும் என்பது அவர் தந்த பாடம். அறுந்த தந்திக்குப் பதில் புதுத்தந்தி வாங்க வழியில்லாததால் பெர்க்கின்ஸ் அறுந்த முனைகளை முடிச்சுப் போட்டு வாசித்தார். முடிச்சின் மேல் விரல் ஓடினால் தோல் கிழிந்துவிடும் என்பதால், உரிய இடத்துக்கு விரலை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தப் பழகினார். தந்தியை வளைத்து இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலியை எழுப்பும் இந்த முறை புளூஸ் கிதாரின் உயிர்நிலை. வெஸ்ட்புரூக் எந்த இசைத்தட்டும் வெளியிட்டவர் அல்லர். மாணவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு சொல்லிவந்ததால்தான் அந்த ஆசிரியரின் பெயர் இன்று தெரிகிறது.

1940-களின் பிற்பகுதியில் குடும்பம் ஜாக்சன் என்ற நகரத்தின் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கே கார்லும், தாளக்கிதார் வாசித்த அண்ணன் ஜேயும், டபுள் பேஸ் வாசித்த தம்பி கிளேட்டனும் நெடுஞ்சாலையோர மதுக்கூடங்களில் இரவு தோறும் வாசிக்கத் தொடங்கினர். டபுள் பேஸ் என்பது ஆளுயரத்துக்கு நிற்கும் மரக்கருவி. அதன் தடித்த தந்தியை இழுத்து விட்டு, அது கழுத்துப் பலகையில் சொடுக்கென்று மோதும் ஒலியையும் தாளமாகப் பயன்படுத்துவது ராக்கபில்லியின் அடையாளங்களுள் ஒன்று. சண்டைக்கும் ஆட்டத்துக்கும் சம அளவில் ஆயத்தமாக வரும் கூட்டத்தின் முன்னால் மெதுவான கன்ட்ரி பாட்டுகள் எடுபடாமையால், அவற்றுக்கு விரைவான தாளம் கூட்டிப் பாடுவது சகோதரர்களின் வழக்கமாயிற்று, டபிள்யூ.எஸ். ஹாலண்ட் என்ற டிரம்ஸ் கலைஞர் சேர்ந்தபின் அத்தாளம் இன்னும் திண்மை பெற்றது. 1953-இல் வால்டாவை மணந்த கார்ல் பகலில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

1954 கோடையில் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வானொலியில் ஒலித்தபோது, அது தன் கணவர் பாடுவதைப் போலவே இருக்கிறது என்று வால்டா கூறியதாகப் பெர்க்கின்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரே மண்ணில் ஒரே காரணங்களால் பலர் தனித்தனியே இந்த இசைக்கு வந்துசேர்ந்திருந்தனர் என்பதற்கு இது நல்ல சான்று. யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வாதம் ஆகவே அவ்வளவு பயனுள்ளதன்று. அந்தத் தட்டை வெளியிட்டவர் யார் என்று விசாரித்துக்கொண்டு, ஆண்டு இறுதிக்குள் சகோதரர்கள் மெம்ஃபிஸ் சென்று, யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணிலிருந்த சன் நிறுவனத்தின் வாசலில் நின்றனர்.

சன் நிறுவனத்தை நடத்திய சாம் பிலிப்ஸ், 1950-இல் அந்தச் சிறு ஒலிப்பதிவுக்கூடத்தைத் திறந்து, பி.பி. கிங், ஹௌலின் வுல்ஃப் போன்ற கறுப்பினக் கலைஞர்களைத் தொடக்ககாலத்திலேயே பதிவுசெய்தவர். பிழையற்ற வாசிப்பைவிட உணர்ச்சி ததும்பும் வாசிப்பே தட்டில் ஏற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கூடத்துக்கென்று ஓர் ஒலித்தன்மை உண்டு. ஒலிநாடா இயந்திரத்தில் பதியும் முனைக்கும் திரும்ப இயக்கும் முனைக்கும் இடையில் சிறு தொலைவு இருப்பதால், இரண்டாவது இயந்திரம் ஒன்றின் வழியே ஒலியைச் செலுத்தித் திரும்ப எடுத்தால் அது நொடியின் மிகச் சிறு பங்கு தாமதித்து வரும். அந்தத் தாமத ஒலியை மூல ஒலியோடு கலக்கும்போது, குரலும் கிதாரும் கல்மண்டபத்துக்குள் ஒலிப்பதுபோல இரட்டித்துக் கேட்கும். ஸ்லாப்பேக் எனப்படும் இந்த எதிரொலி, மூன்று நான்கு பேர் மட்டும் வாசித்த இசைக்குப் பெரிய உருவத்தைத் தந்தது.

கூடத்தில் பிரெஸ்லி இருந்தவரை பிலிப்ஸ், பெர்க்கின்ஸைப் பெரும்பாலும் கன்ட்ரி பாடகராகவே நடத்தினார். 1955-இல் ஃபிளிப் என்ற துணைப்பெயரில் வெளிவந்த முதல் தட்டில் 'மூவி மேக்' என்ற பாட்டு இருக்கிறது. பதின்பருவத்தில் எழுதிய அப்பாட்டில் ஓர் உழவர்வீட்டு இளைஞன், கதவுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கும் தந்தையைப் பொருட்படுத்தாமல், காதலியைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றித் திரைப்படம் பார்க்க அழைத்துப்போகத் துணிகிறான். அந்நாளைய வாலிபப் பாட்டுகளில் மோட்டார் கார் ஓடிக்கொண்டிருக்க இவர் பாட்டில் கோவேறு கழுதை வருவது தற்செயலன்று. தாம் அறிந்த வாழ்க்கையின் பொருள்களைக் கொண்டே நகைச்சுவையோடு எழுதுவது அவரது இயல்பாகக் கடைசிவரை இருந்தது.

1955 நவம்பரில் பிலிப்ஸ், பிரெஸ்லியின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. என்ற பெருநிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். கடன் நெருக்கடியிலிருந்த சன் நிறுவனம் அதனால் மூச்சுவிட்டது, பெர்க்கின்ஸுக்கும் தாம் விரும்பிய வேகத்தில் பாட இடம் கிடைத்தது. அடுத்த மாதமே 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பிறந்தது. ஸ்வேட் என்பது தோலின் உட்புறத்தைத் தேய்த்து மெல்லிய துய் எழச் செய்த தோல். ஈரமோ மண்ணோ பட்டால் கெட்டுவிடும் என்பதால் அதில் செய்த காலணி ஏழை இளைஞனுக்குக் கிடைப்பதற்கரிய ஆடம்பரம். சன் நிறுவனத்தின் மற்றொரு கலைஞரான ஜானி கேஷ், தாம் விமானப்படையில் இருந்தபோது ஒரு வீரர் தம் காலணியைப் பற்றிச் சொன்ன வேடிக்கைப் பேச்சை நினைவுகூர்ந்து, அதைப் பாட்டாக்கலாமே என்று முன்பே பெர்க்கின்ஸிடம் கூறியிருந்தார். பின்னர் ஒரு நடனக்கூடத்தில், காலணியை மிதித்துவிடாதே என்று தன்னோடு ஆடிய பெண்ணையே ஓர் இளைஞன் கடிந்துகொண்டதைப் பெர்க்கின்ஸ் மேடையிலிருந்து கவனித்தார். அழகிய பெண்ணைவிட ஒருவனுக்குக் காலணி பெரிதாகப் போனதே என்ற வியப்பு நீங்காமல், நள்ளிரவுக்குப் பின் எழுந்து, கையில் கிடைத்த உருளைக்கிழங்குப் பையின் தாளில் பாட்டை எழுதினார்.

1955 டிசம்பர் 19 அன்று பதிவான இப்பாட்டு அடுத்த மாதம் தட்டாக வெளிவந்தது. தொடக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின் வாத்தியங்கள் ஒரு வெட்டு வெட்டி நிற்க, அந்த இடைவெளியில் கேட்பவர் காத்திருக்க நேர்கிறது. காத்திருப்பு முடிந்து தாளம் முழுதாக இறங்கும் கணத்தில்தான் பாட்டின் வேகம் உறைக்கிறது. பிரெஸ்லி 1956 ஜனவரி 30 அன்று நியூயார்க்கில் இதே பாட்டைப் பதிவுசெய்தபோது அந்த இடைவெளிகளைச் சுருக்கி இன்னும் விரைவாகப் பாடினார். பிரெஸ்லியின் பதிவில் சீற்றம் மிகுதி. பெர்க்கின்ஸின் பதிவில் குறும்பு மிகுதி. வீடு எரிந்தாலும் கார் களவுபோனாலும் பரவாயில்லை, காலணியை மட்டும் தொடாதே என்னும் பாட்டுக்குச் சீற்றத்தைவிடக் குறும்பே பொருத்தம் என்பதால், மூலப் பதிவே மேல்.

அந்நாளில் பில்போர்டு என்ற வணிக இதழ், விற்பனைப் பட்டியல்களை மூன்றாகப் பிரித்து வெளியிட்டது: பொதுச்சந்தைக்குப் பாப், தென்பகுதி வெள்ளையருக்குக் கன்ட்ரி, கறுப்பினத்தாருக்கு ரிதம் அண்ட் புளூஸ். அது உண்மையில் இனவாரிப் பிரிவினையின் கடைத்தெரு வடிவம். 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாப் பட்டியலில் இரண்டாம் இடத்தையும், கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்தையும், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தையும் எட்டியது. பத்து லட்சம் தட்டுகளுக்குமேல் விற்ற முதல் சன் வெளியீடும் அதுவே.

இவ்வெற்றியின் உச்சத்தில், நியூயார்க்கில் பெரி கோமோ என்ற பாடகரின் தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடுவதற்காகக் குழுவினர் காரில் சென்றுகொண்டிருந்தபோது, 1956 மார்ச் 22 அதிகாலை டெலவேர் மாநிலத்தின் டோவர் நகருக்கருகே கார் முன்சென்ற சிறு லாரியின் பின்புறம் மோதியது. லாரியை ஓட்டியவர் இறந்தார். பெர்க்கின்ஸுக்குக் கழுத்தெலும்புகள் முறிந்து தலையிலும் பலத்த அடி, அண்ணன் ஜேவுக்கும் கழுத்தில் முறிவு. மறுநாள் வெளியான பிரெஸ்லியின் முதல் எல்.பி., அதாவது பல பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு, 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பாட்டோடுதான் தொடங்கியது. விபத்துதான் வரலாற்றை மாற்றியது என்ற எண்ணம் இவ்விரு நிகழ்ச்சிகளின் நெருக்கத்தால் வலுப்பெற்றிருக்க வேண்டும். ஆனால் பிரெஸ்லி அந்த ஜனவரி 28-ஆம் தேதியே தேசியத் தொலைக்காட்சியில் தோன்றிவிட்டார். நாடெங்கும் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் ஆர்.சி.ஏ.யின் வலிமை அவருக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு வயது 21, மணமாகாதவர், பேரழகர். பெர்க்கின்ஸோ முன்மண்டையில் முடி குறையத் தொடங்கிய குடும்பஸ்தர், மேடையில் ஆட்டத்தைவிடக் கிதாரில் கவனம் வைத்தவர். தொலைக்காட்சி வாய்ப்பும் அவருக்கு அடியோடு பறிபோகவில்லை. மே 26 அன்று அதே நிகழ்ச்சியில் பாடினார். விபத்து அவரிடமிருந்து சில மாதங்களையும் உடல்நலத்தையும் பறித்தது. பிரெஸ்லியின் இடத்தை அல்ல.

பாட்டெழுதும் திறனை அது பறிக்கவில்லை என்பதற்குப் பின்வந்த தட்டுகள் சாட்சி. அதே 1956-இல் வெளிவந்த 'டிக்ஸி ஃபிரைட்', மதுக்கூடத்துக்குப் போன ஒருவன் குடித்து, சவரக்கத்தியை உருவி, காவலரிடம் சிக்கும் கதையை, பாடுபவரும் சற்றுப் போதையில் இருப்பதுபோன்ற குரலில் சொல்கிறது. நெடுஞ்சாலை மதுக்கூடங்களில் அவர் கண்டது அத்தனையும் அதில் இருக்கிறது. வானொலி நிலையங்களுக்கு ஏற்ற பாட்டன்று. விற்பனையும் முன்னதன் அளவுக்கு இல்லை. ஆனால் அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது அதுவே. 'புளூ ஸ்வேட் ஷூஸ்' தட்டின் மறுபக்கத்திலிருந்த 'ஹனி டோன்ட்' பாட்டிலோ புதுமை இசையமைப்பில் இருக்கிறது. சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்பர். ஈ கார்டில் தொடங்கும் அப்பாட்டு, பழகிய புளூஸ் வழியை விட்டு, எதிர்பாராமல் சி கார்டுக்குத் தாவுகிறது.

1956 டிசம்பர் 4 அன்று நடந்த பதிவில், சன் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருந்த ஜெர்ரி லீ லூயிஸ் பியானோ வாசித்தார். அன்று பதிவான 'மேட்ச்பாக்ஸ்' பாட்டின் கரு, கார்லின் தந்தை நினைவிலிருந்து சொன்ன பழைய வரியொன்று. அது பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் 1927-இல் பதிவுசெய்த புளூஸ் பாட்டில் இருப்பது. பெர்க்கின்ஸின் பெயரில் வழங்கும் 'எவ்ரிபடிஸ் டிரையிங் டு பி மை பேபி' என்பதற்கும் ரெக்ஸ் கிரிஃபின் 1930-களில் பாடிய மூலம் உண்டு. வாய்வழியாக வந்த வரிகளை எடுத்துப் புதுப்பிப்பது நாட்டுப்புற மரபில் குற்றமன்று. தட்டில் ஒரே ஒருவர் பெயர் அச்சாகி உரிமைத்தொகையும் அவருக்கே போகும்போது அது நியாயம்தானா என்ற கேள்வி எழாமல் இராது. அதே நாளில் பிரெஸ்லி பழைய நட்பில் கூடத்துக்குள் நுழைய, கேஷும் வந்துசேர, நால்வரும் பியானோவைச் சுற்றி நின்று பெரும்பாலும் வழிபாட்டுப் பாட்டுகளைப் பாடினர். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது, மில்லியன் டாலர் குவார்டெட் எனப் பெயர்பெற்ற அப்பதிவு 1980-களில்தான் தட்டாக வெளிவந்தது.

1958-இல் பெர்க்கின்ஸ் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். அங்கே பதிவானவற்றில் சன் கூடத்தின் உயிர்ப்பு இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் அண்ணன் ஜே மூளைக்கட்டியால் இறந்தார். கார்லைக் குடி ஆட்கொண்டது. தாய்நாட்டில் அவர் மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் லிவர்பூல் இளைஞர்கள் அந்தச் சன் தட்டுகளைத் தேயத்தேயக் கேட்டுக்கொண்டிருந்தனர்; அவர்களுள் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1960-இல் ஸ்காட்லாந்து இசைப்பயணத்துக்குத் தம் மேடைப்பெயரைக் கார்ல் ஹாரிசன் என்றே வைத்துக்கொண்டார். 1964-இல் இங்கிலாந்து சென்ற பெர்க்கின்ஸ், பீட்டில்ஸ் குழுவினர் 'மேட்ச்பாக்ஸ்' பாட்டைப் பதிவுசெய்தபோது கூடத்திலேயே இருந்தார். அவ்வாண்டில் அவர்கள் பதிவுசெய்த அவர் பாட்டுகள் மூன்று. மற்ற இரண்டும், அதாவது 'ஹனி டோன்ட்', 'எவ்ரிபடிஸ் டிரையிங் டு பி மை பேபி' ஆகியவை, 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' எல்.பி.யில் உள்ளன. ஹாரிசனின் தொடக்ககாலக் கிதார் வாசிப்பில், பாட்டின் வரிகளுக்கு இடையே குறுகிய விடைகளாகத் தந்தியை வளைத்துப் பேசும் முறை பெர்க்கின்ஸிடமிருந்து நேராக வந்தது.

1960-களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் ஜானி கேஷின் குழுவில் வாசித்தார். 1968-இல் ஃபால்சம் சிறையிலும் அடுத்த ஆண்டு சான் குவென்டின் சிறையிலும் கேஷ் நடத்திய புகழ்பெற்ற நிகழ்ச்சிகளில் உடனிருந்தார். அவர் எழுதி கேஷ் பாடிய 'டாடி சாங் பேஸ்' 1969 தொடக்கத்தில் ஆறு வாரங்கள் கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. 1968-இல் குடியைக் கைவிட்டார். 1981-இல் ஜாக்சன் நகரில், கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகளைக் காக்கும் மையம் அவர் முயற்சியால் நிறுவப்பட்டது. 1985-இல் லண்டனில் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன் முதலியோர் அவரைச் சுற்றி அமர்ந்து வாசித்த தொலைக்காட்சி நிகழ்ச்சி, மாணவர்கள் ஆசிரியருக்கு எடுத்த விழாவாகவே அமைந்தது. 1987-இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். 1998 ஜனவரி 19 அன்று ஜாக்சனில் மறைந்தார். இறுதிச்சடங்கில் ஹாரிசன் கிதாரெடுத்து அவர் பாட்டொன்றைப் பாடினார்.

இவரைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், புகழ்க்கூடத்துக்குப் பிந்தைய நட்சத்திரக் கூட்டணிப் பதிவுகளில் தொடங்காமல், சன் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட 'டான்ஸ் ஆல்பம் ஆஃப் கார்ல் பெர்க்கின்ஸ்' என்ற எல்.பி.யில் தொடங்குவது நல்லது. 12 பாட்டுகள் கொண்ட அதில் 'மூவி மேக்', 'ஹனி டோன்ட்', 'மேட்ச்பாக்ஸ்' மூன்றும் இருக்கின்றன. 'டிக்ஸி ஃபிரைட்' அதில் இல்லை. அதைத் தனியே தேடிக் கேட்க வேண்டும்.